மும்பையின் கணினிக் காலம் – 17: வீட்டுக் கணினி வராத வீடுகளில் அசெம்பிளி

சென்ற பகுதியில் நாம் கொலாபாவை விட்டு நகரவில்லை. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆர். நரசிம்மன் தலைமையிலான குழு கட்டி, 1960இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்து, 1962இல் நேரு டிஃப்ராக் என்று பெயர் சூட்டிய கணினியின் கதை அது. சுமார் 2,700 வெற்றிடக் குழாய்களும் 2,048 சொற்கள் கொள்ளும் நினைவகமும் கொண்ட அந்த இயந்திரத்துக்காக நிரல் எழுதியவர்கள் முதலில் தாளில் எழுதினார்கள். பிறகே காகித நாடாவில் துளையிட்டார்கள். இந்தப் பகுதியில் மத்திய ரயில்வே பாதையைப் பிடித்து வடக்கே பாண்டுப்புக்கு வருவோம். மேற்கே மலை, மலைக்கு அப்பால் பவாய் ஐஐடி. கீழே எல்பிஎஸ் சாலையை ஒட்டி அன்று சியட், ஜிகேடபிள்யூ, ஏஷியன் பெயின்ட்ஸ் என்று வரிசையாக ஆலைகள் இருந்தன. அந்த ஆலைகளையும் அவற்றைச் சுற்றிய வேலைகளையும் நம்பித் தென் தமிழகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் 1980களில் பள்ளியையும் கல்லூரியையும் எட்டினார்கள். உலகின் வேறு மூலைகளில் அதே வயதுப் பிள்ளைகள் வீட்டுக் கணினிகளில் அசெம்பிளி மொழி கற்ற காலம் அது. வீட்டுக் கணினி வந்து சேராத இந்தப் புறநகரில் அசெம்பிளி எப்படி வந்து சேர்ந்தது என்பதே இப்பகுதியின் கேள்வி. அது வந்த வழி ஏழைகளுக்கான மாற்றுவழி மட்டுமே என்று நான் கருதவில்லை. இன்று பழைய வீட்டுக் கணினிகளின் அசெம்பிளியைக் கற்கத் தொடங்கும் ஒருவருக்கும் அதைவிட நல்ல வாசல் கிடையாது என்பதே என் வாதம்.

முதலில், வீட்டுக் கணினி ஏன் வரவில்லை? 1982 ஏப்ரலில் பிரிட்டனில் வெளிவந்த சிங்க்ளேர் ஸ்பெக்ட்ரம் 125 பவுண்டுக்கு விற்றது. நம் ஊரின் இறக்குமதி வரியும் உரிமக் கெடுபிடியும் சேர்ந்தால் அந்த விலைக்கு இங்கே பொருளே இல்லை. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு அறிவித்த புதிய கணினிக் கொள்கை கதவைக் கொஞ்சம் திறந்தது. புனேயின் டெசிபெல்ஸ் எலெக்ட்ரானிக்ஸ், டிபி ஸ்பெக்ட்ரம் என்ற பெயரில் அதே இயந்திரத்தை இங்கே செய்து விற்றது. ஆனால் விலை தடையின் ஒரு பாதிதான். வீட்டுக் கணினி என்பது வீட்டில் ஏற்கெனவே இரண்டு பொருள்கள் இருப்பதாக எண்ணி வடிவமைக்கப்பட்ட இயந்திரம்: திரைக்கு ஒரு டிவி, சேமிப்புக்கு ஒரு கேசட் பிளேயர். ஒரு டிவியைச் சுற்றிச் சால் என்னும் வரிசை வீட்டுக் குடியிருப்பின் பல குடும்பங்கள் உட்கார்ந்து தூர்தர்ஷன் பார்த்த காலத்தில், அந்த டிவியை மாலையில் மூன்று மணி நேரம் ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ எந்த வீடு விட்டுக்கொடுக்கும்? மேசை போட இடம் வேண்டும், தனிமை வேண்டும். ஸ்பெக்ட்ரமின் விலைச்சீட்டில் இதெல்லாம் எழுதப்படவில்லை. அரசும் ஒரு முயற்சி செய்தது. 1984இல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தின் முதல் சுற்றில் சுமார் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் போயின. அந்த இயந்திரத்தின் பேசிக் மொழிக்குள்ளேயே ஓர் அசெம்பிளர் இருந்தது. சதுர அடைப்புக்குறியைத் திறந்தால் 6502 சில்லுக்கான கட்டளைகளை நேராகவே எழுதலாம். ஆனால் கணினி என்றால் என்ன என்று மாணவருக்கு அறிமுகம் செய்வதே திட்டத்தின் நோக்கம். அடைப்புக்குறியைத் திறந்து காட்டுவது அதில் அடங்கவில்லை. இதை நான் பெரிய இழப்பாகவே எண்ணுகிறேன்.

இந்தியாவில் அசெம்பிளி நுழைந்த வாசல் 8085 கிட். இன்டெல் 1976இல் வெளியிட்ட 8085, ஏறத்தாழ 6,500 டிரான்சிஸ்டர்கள் கொண்ட எட்டு பிட் சில்லு; ஐந்து வோல்ட் ஒற்றை மின்சாரத்தில் ஓடும். அதைப் பழகுவதற்காக இன்டெல் எஸ்டிகே-85 என்ற பயிற்சிப் பலகையைக் கொடுத்தது. அதன் சாயலில் இந்திய நிறுவனங்கள் தங்கள் பலகைகளைச் செய்தன. தில்லியின் வினிடிக்ஸ் ஒன்று. மும்பையின் டைனலாக் விற்ற மைக்ரோஃப்ரெண்ட் இன்னொன்று. லாமிங்டன் ரோட்டுக்குப் போவதென்றால் பாண்டுப்பிலிருந்து தாதர் வரை மத்தியப் பாதை, அங்கே மாறி மேற்குப் பாதையில் கிராண்ட் ரோடு. உதிரிப் பாகங்களும் சில்லுகளும் அங்கே கிடைத்தன. எலெக்டர் இந்தியா போன்ற மின்னணுவியல் இதழ்கள் அந்த ஆர்வத்துக்குத் தீனி போட்டன. ஆனாலும் பெரும்பாலானோர் கிட்டைத் தொட்டது பாலிடெக்னிக்கிலோ, பொறியியல் கல்லூரியிலோ, ஜூனியர் காலேஜின் ஆய்வகத்திலோதான்.

அந்தப் பலகையில் திரை கிடையாது. கால்குலேட்டரில் வருவது போன்ற ஏழு கோட்டு எண்கள் ஆறு: நான்கு முகவரிக்கு, இரண்டு அந்த முகவரியில் உள்ள பைட்டுக்கு. பதினாறடி எண் முறையில் ஒன்பதுக்கு மேல் எழுத்துகள் வேண்டும் என்பதால், ஏழு கோடுகளுக்குள் ஆங்கில பி எழுத்தைச் சிறிய வடிவில் காட்டுவார்கள். அதற்கும் 6க்கும் உச்சியில் உள்ள ஒரு கோடுதான் வித்தியாசம்; அதைக் கவனிக்காமல் அழுத்தியவரின் நிரல் எங்கோ போய் நின்றுவிடும். எழுத்து விசைப்பலகை கிடையாது. எண் விசைகளும், நினைவகத்தைப் பார், அடுத்தது, ஓடு, நிறுத்தித் தொடங்கு என்ற சில விசைகளும் மட்டும். அதாவது கட்டளையின் பெயரை எழுத இயந்திரத்தில் இடமே இல்லை. மின்சாரம் போனால் ஏற்றிய நிரலும் போயிற்று.

எனவே நிரல் வாழ்ந்த இடம் தாள். பிராக்டிகல் ஜர்னலில் கோடு போட்டு முகவரி, ஆப்கோட் (கட்டளையின் எண்), நிமோனிக் (கட்டளையின் பெயர்), குறிப்பு என்று பத்திகள் பிரித்து, முதலில் நிமோனிக்கை எழுதி, பாடநூலின் பின்னிணைப்பிலுள்ள பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஆப்கோட் போட்டு, அது எத்தனை பைட் என்று எண்ணி முகவரியைக் கூட்டிக்கொண்டே போவார்கள். அசெம்பிளர் என்ற மென்பொருள் செய்ய வேண்டிய வேலையை மாணவரின் கையே செய்தது. பின்னோக்கித் தாவும் கட்டளைக்கு முகவரி ஏற்கெனவே தெரியும். முன்னோக்கித் தாவுவதற்கு இடம் விட்டு வைத்துவிட்டுப் பிறகு திரும்பி வந்து நிரப்ப வேண்டும். இரண்டு சுற்று அசெம்பிளர் என்று கணினியியல் நூல்கள் விளக்கும் முறையை, அந்தப் பெயர் தெரியாமலே பென்சிலால் செய்தார்கள். நடுவில் ஒரு கட்டளை விட்டுப்போனால் அதற்குக் கீழுள்ள முகவரிகள் எல்லாம் மாறும். அத்தனை தாவல்களையும் திருத்த வேண்டும். ரப்பர் தேயத் தேயத்தான் முகவரி என்பது என்ன என்று விரல்களுக்குப் புரிந்தது.

இதற்கு முதல் மறுப்பு வலுவானது. இதெல்லாம் தேர்வுக்கான மனப்பாடம், கற்றல் அல்ல என்பார்கள். மகாராஷ்டிர மேல்நிலைத் தேர்வில் பைஃபோகல் என்னும் தொழிற்பாடப் பிரிவாக கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவர்களுக்கு இரண்டாம் தாளில் 8085 இருந்தது, 2010களிலும் இருந்தது. பதினேழு வயதில், இயந்திரமே இல்லாத தேர்வு அறையில், விடைத்தாளில் அசெம்பிளி எழுத வேண்டும். நினைவகத்தில் வரிசையாக உள்ள எண்களில் பெரியதைக் கண்டுபிடி, ஒரு தொகுதியை வேறிடத்துக்கு மாற்று, ஒரு பைட்டின் இரண்டு பாதிகளையும் இடம் மாற்று என்று கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். கோச்சிங் வகுப்புகள் விடைகளைத் தயாராகவே வைத்திருந்தன. மனப்பாடம் நடந்தது உண்மைதான். அதை மறுத்தால் இந்த வரலாறு பொய்யாகிவிடும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு பைட்டின் பாதிகளை இடம் மாற்ற, சுழற்று என்ற ஒரே கட்டளையை நான்கு முறை எழுதினால் போதும். அதை மனப்பாடம் செய்த மாணவருக்கு, வெறும் நான்கு ஏன், ஐந்து ஏன் ஆகாது என்ற கேள்வி என்றாவது ஒரு நாள் எழுந்தால், விடை காண எந்தக் கருவியும் தேவையில்லை. எட்டுக் கட்டம் வரைந்து பார்த்தால் போதும். அசெம்பிளியின் தனித்தன்மை இது: ஒரு கட்டளை செய்வது அவ்வளவு சிறியது, அதைத் தாளிலேயே முழுவதும் ஓட்டிச் சரிபார்க்கலாம். பெரிய மொழிகளில் எழுதிய நிரலைத் தாளில் அப்படி ஓட்ட முயன்றால் மறைந்திருக்கும் நூறு விஷயங்கள் குறுக்கே வரும். மனப்பாடத்திலிருந்து புரிதலுக்குக் கடக்க வேண்டிய தூரம் வேறெந்தக் கணினிப் பாடத்தையும்விட இதில் குறைவு.

பிரிட்டனில் வீட்டுக் கணினி வைத்திருந்தவர்கள் வேறு உயர்ந்த முறையில் கற்றார்கள் என்று நினைப்பதும் சரியில்லை. ஸ்பெக்ட்ரமோடு வந்த கையேட்டைத் திறந்தால், எழுத்துக்குறிகளின் பட்டியல் உள்ள பின்னிணைப்பில் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே அதற்குரிய அசெம்பிளிக் கட்டளையும் அச்சிடப்பட்டிருக்கிறது. காரணம், வாங்கியவரிடம் அசெம்பிளர் இருக்காது. பட்டியலைப் பார்த்து எண்ணாக மாற்றி, போக் என்ற கட்டளையால் ஒவ்வொரு பைட்டாக நினைவகத்தில் இட வேண்டியதுதான். 1983இல் மேனிக் மைனர் என்ற ஸ்பெக்ட்ரம் விளையாட்டால் புகழ்பெற்ற பதின்வயதுக்காரர் மேத்யூ ஸ்மித், அந்த நிரலை எழுதியது ஸ்பெக்ட்ரமில் அல்ல. டிஆர்எஸ்-80 என்ற வேறொரு கணினியில். எந்த இயந்திரத்தில் ஓடப்போகிறதோ அதில்தான் எழுத வேண்டும் என்பதில்லை என்று தேர்ந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. தொடக்கக்காரரோ லண்டனிலும் பாண்டுப்பிலும் ஒரே வகைப் பட்டியலைத்தான் விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

ஒரே வகை என்பது இங்கே உயர்வு நவிற்சியில்லை. இன்டெல்லின் 8080 சில்லை உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்த ஃபெடரிகோ ஃபாஜினும் மசதோஷி ஷிமாவும் பின்னர் சைலாக் நிறுவனத்தில் இசட்-80 சில்லைச் செய்தார்கள். 8080க்கான நிரல்கள் அதில் அப்படியே ஓட வேண்டும் என்பது நோக்கம். அதே 1976இல் இன்டெல் தன் பக்கத்திலிருந்து 8085ஐக் கொண்டுவந்தது. ஆக, கிட்டில் இருந்த 8085 சில்லும் ஸ்பெக்ட்ரமில் இருந்த இசட்-80 சில்லும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். சைலாக் கட்டளைகளின் பெயர்களை மாற்றியது, எண்களை மாற்றவில்லை. 62, 5, 6, 3, 128 என்ற ஐந்து பைட்டுகளை எடுத்துக்கொள்வோம் (கிட்டில் இவை பதினாறடி எண்களாக அழுத்தப்படும்; இங்கே பதின்ம எண்களாகத் தருகிறேன்). 62, 5 என்றால் ஏ பதிவேட்டில் 5ஐ வை. 6, 3 என்றால் பி பதிவேட்டில் 3ஐ வை. 128 என்றால் இரண்டையும் கூட்டு. இதை 8085 மாணவர் எம்விஐ, எம்விஐ, ஏடிடி என்று படிப்பார்; ஸ்பெக்ட்ரம்காரர் எல்டி, எல்டி, ஏடிடி என்று படிப்பார். சில்லுகள் இரண்டுக்கும் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். அடுத்து 50 என்றால் ஏ பதிவேட்டில் உள்ளதை நினைவகத்தில் வை. எங்கே என்பதை அடுத்த இரண்டு பைட்டுகள் சொல்லும், கீழ்ப்பாதி முதலில், மேல்பாதி பிறகு. பல கிட்டுகளில் பயனருக்கான நினைவகம் 8192இல் தொடங்கும். 50, 80, 32 என்று எழுதினால் விடை 8272ஆம் இடத்தில் போய் உட்காரும். ஓட்டிவிட்டு, அந்த முகவரியைத் தட்டிப் பார்த்தால் 08 என்று சிவப்பாகத் தெரியும்.

இப்போது அதே வரிசையை ஸ்பெக்ட்ரமுக்கு எடுத்துப்போகலாம். அங்கே 16384ஆம் முகவரியிலிருந்து திரையின் நினைவகம் தொடங்குகிறது. 50, 0, 64 என்று முகவரியை மட்டும் மாற்றி, முடிவில் பேசிக்குத் திரும்பும் 201ஐச் சேர்த்தால் மொத்தம் ஒன்பது பைட்டுகள். அவற்றை 30000ஆம் இடத்திலிருந்து போக் செய்து, ரேண்டமைஸ் யுஎஸ்ஆர் 30000 என்று அழைத்தால், திரையின் இடது மேல் மூலையில் ஒரே ஒரு கரும்புள்ளி தோன்றும். 5ம் 3ம் சேர்ந்து 8. எட்டு என்பது இரும எண்ணில் நான்கு சுழியம், ஒன்று, மூன்று சுழியம். ஆகவே இடமிருந்து ஐந்தாவது புள்ளி. கூட்டல் கணக்கின் விடை படமாகத் தெரிகிறது. ஜர்னலில் எழுதிய வரிகளில் மாறியது ஒரு முகவரியும் முடிவுக் கட்டளையும்தான். பாண்டுப்பின் மாணவர் தான் பார்த்தேயிராத ஒரு வீட்டுக் கணினியின் மொழியை, தெரியாமலே படித்துக்கொண்டிருந்தார் என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று வேண்டியதில்லை. எல்லாக் கட்டளைகளும் இப்படிப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 32 என்ற எண் 8085இல் குறுக்கீடுகளின் நிலையைப் படிக்கும் கட்டளை. இசட்-80இல் அது ஒரு குறுந்தாவல். 48ம் அப்படியே. தொடக்கக்காரர் தொடும் கட்டளைகளில் இத்தகைய கண்ணிகள் மிகச் சில.

இரண்டாவது மறுப்பு என்னை அதிகம் யோசிக்க வைப்பது. பற்றாக்குறையைப் புகழ்வது வசதியுள்ளவர்களின் பழக்கம். கிட்டுக்கு வரிசையில் நின்று, நான்கு பேர் கூட்டாக ஒரு பலகையைப் பங்கிட்டு, முறை வருவதற்குள் பிராக்டிகல் நேரம் முடிந்துபோனவர்களிடம் போய் அது நல்ல முறை என்று சொல்வது நியாயமா? நியாயமில்லை, அவர்களுக்கு நேர்ந்ததை நல்லது என்று சொன்னால். அவர்கள் இழந்தது பெரிது. விளையாட்டாகத் தொட்டுப் பார்க்கும் உரிமையை இழந்தார்கள். ஒலி எழுப்ப, படம் நகர்த்த, தவறிப்போய் அழகான ஏதோ ஒன்று திரையில் வந்துவிட, இரவு ஒரு மணி வரை விழித்திருக்க அவர்களுக்கு வாய்க்கவில்லை. பிரிட்டனின் படுக்கையறைகளிலிருந்து ஒரு விளையாட்டுத் தொழிலே பிறந்தது. நம் ஜர்னல்களிலிருந்து அப்படி ஒன்று பிறக்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் ஐஐடியில் 1970களிலேயே சோவியத் இசி-1030 கணினி ஓடியது என்பதும், இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் அநேகருக்கு அது எட்டவில்லை என்பதும் இதே கணக்கில் சேர வேண்டியவை. நான் சொல்வது குறுகலானது: தாளில் கையால் அசெம்பிள் செய்யும் முறைக்குக் காரணம் வறுமை, ஆனால் அம்முறையின் பலன் வறுமையைச் சார்ந்ததில்லை. இயந்திரம் தாராளமாகக் கிடைக்கும்போதும் முதல் சில வாரங்களுக்கு அது பலன் தரும். ஸ்பெக்ட்ரம் கையேட்டை அச்சிட்டவர்கள் அப்படித்தான் எண்ணியிருக்க வேண்டும்.

மூன்றாவதாக, இன்று இதனால் என்ன பயன் என்று கேட்பவர்கள். 8085 தெரிந்தவருக்கு வேலைச் சந்தையில் தனி மதிப்பில்லை என்பது உண்மை. இதைப் படித்தால் வேலை கிடைக்கும் என்று எவரிடமும் சொல்லக்கூடாது. ஆனால் வாஷிங் மெஷினிலும் லிஃப்டிலும் ஆட்டோ மீட்டரிலும் இருக்கும் சிறு சில்லுகளுக்கு எழுதுபவர் இன்றும் பைட்டையும் பதிவேட்டையும் முகவரியையும்தான் கையாள்கிறார். எந்த மொழியில் எழுதினாலும் கடைசியில் ஓடுவது எண்கள்தான் என்பதைக் கேள்விப்பட்டிருப்பது வேறு, ஒருமுறை தானே அந்த எண்களை எழுதி ஓட்டியிருப்பது வேறு. அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரி ஒன்றில் பேராசிரியராக இருந்த ரமேஷ் கவான்கர் 1984இல் எழுதிய 8085 பாடநூல், பின்னர் மும்பையின் பென்ராம் பதிப்பாக வந்து, சில்லின் வணிக ஆயுள் முடிந்த பிறகும் நெடுங்காலம் இந்திய வகுப்பறைகளில் நிலைத்தது. பாடத்திட்டத்தின் மந்தம் அதற்கு ஒரு காரணம். ஒரு கணினியின் உள்ளமைப்பு முழுவதையும் ஒரு மாணவர் தலையில் ஏந்திக்கொள்ளக்கூடிய கடைசித் தலைமுறைச் சில்லுகளில் அது ஒன்று என்பது இன்னொரு காரணம். இரண்டாவதே வலுவானது என்பது என் கணிப்பு.

ஆகவே இன்று பாண்டுப்பில் பழைய கணினிகளின் அசெம்பிளியைக் கற்க விரும்பும் ஒருவர் எங்கே தொடங்கலாம்? பழைய ஸ்பெக்ட்ரமை விலை கொடுத்துத் தேட வேண்டியதில்லை. ஸ்ரீதர் ரத்னகுமார் 2003இல் எழுதிய குனுசிம்8085 என்ற இலவச மென்பொருள், கிட்டை மடிக்கணினிக்குள் கொண்டுவந்துவிட்டது. ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் பதிவேடுகள் எப்படி மாறுகின்றன என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். ஸ்பெக்ட்ரமுக்கு ஃப்யூஸ் என்ற போலியாக்கி இருக்கிறது. முதலில் தாளில் எழுதி ஆப்கோட் போடுங்கள், பிறகு 8085இல் ஓட்டுங்கள், அதன் பின் முகவரியை மாற்றி ஸ்பெக்ட்ரமில் ஓட்டுங்கள். புள்ளி வந்துவிட்டால் அடுத்தது கோடு. ஸ்பெக்ட்ரம் திரையில் ஒரு புள்ளிக்கு நேர் கீழே உள்ள புள்ளி 32 பைட் தள்ளி இருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம், ஒரு வரிசைக்கு 32 பைட் என்பதால். அது 256 பைட் தள்ளி இருக்கிறது. முகவரியின் மேல்பாதியில் ஒன்று கூட்டினால் ஒரு வரிசை கீழே இறங்கிவிடலாம். அந்த மேல்பாதியை வைத்திருக்கும் எச் பதிவேட்டில் ஒன்று கூட்டும் 36 என்ற ஒரே பைட் அதைச் செய்யும். 62, 8, 6, 8, 33, 0, 64, 119, 36, 5, 194, 55, 117, 201 என்ற பதினான்கு பைட்டுகளை 30000இலிருந்து இட்டு ஓட்டினால் எட்டுப் புள்ளி உயரத்துக்கு ஒரு செங்குத்துக் கோடு விழும். இவற்றில் 8085 மாணவருக்குத் தெரியாத கட்டளை ஒன்றுகூட இல்லை. 55, 117 என்பது 30007ஆம் இடத்துக்குத் திரும்பித் தாவும் முகவரி. இரண்டாவது எட்டை ஒன்பதாக்கி ஓட்டினால் ஒன்பதாவது புள்ளி கோட்டுக்குக் கீழே விழாமல் திரையில் வேறெங்கோ போய் விழும். அது எங்கே விழுகிறது, சிங்க்ளேரின் பொறியாளர்கள் திரையை ஏன் அப்படி அடுக்கினார்கள் என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)